இருபத்தஞ்சு டிகிரி பேட்டரி

மார்கழி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே கலியபெருமாள் ஒரு முடிவுக்கு வந்தார். மலைக்குப் போவது. நாலு நாள் தங்குவது. முக்கியமாக, பெண்டாட்டி இல்லாமல் போவது.

வாயில் பேஸ்ட் நுரையோடு எடுத்த முடிவுதான். ஆனாலும் கொப்பளித்துத் துப்பிய பிறகும் அது அப்படியே இருந்தது. அந்த வீட்டில் அவர் எடுத்த முடிவு ஒன்று கால் மணி நேரம் தாக்குப்பிடித்தது அதுதான் முதல் தடவை.

கலியபெருமாளை உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். மரக்காணத்தில் தெரியாத ஆள் கிடையாது. உப்பளத்தில் மேஸ்திரி. இருபத்திரண்டு வருஷமாகப் பாத்தி பாத்தியாக நடந்து, உப்புத் தண்ணியைக் கண்ணாடிக் குழாயில் மொண்டு, அதில் டிகிரிக்குச்சியை மிதக்கவிட்டு, இந்தப் பாத்தி எத்தனை டிகிரி, எப்போது மடை திறக்கலாம், எப்போது உப்பு வாரலாம் என்று சொல்லுகிறவர். பன்னிரண்டாவது பெயில். ஆனால் ஊரில் அவருக்குப் பேர் ‘டிகிரி’ கலியபெருமாள். காலேஜ் படித்த பையன்கள் முன்னால் யாராவது அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் மனுஷனுக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம்.

தை பிறந்து பாத்தியில் சேறு மிதிக்கிற வேலை ஆரம்பித்தால் புரட்டாசி வரைக்கும் தலை நிமிர முடியாது. மழைக்காலம் முழுக்க வீட்டில்தான். வீட்டில் இருக்கும் ஆம்பளைக்கு என்ன மரியாதை என்பது உங்களுக்கே தெரியும். ‘கேஸ் புக் பண்ணீங்களா?’, ‘அந்தத் துணிய எடுத்து உள்ள போட்டா கை தேஞ்சா போயிடும்?’ இந்த மாதிரி மரியாதைதான்.

இந்த லட்சணத்தில் வாசலில் ஒரு ஜீப் நிற்கிறது. ஆரோவில்லில் பல வருஷம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர் விற்றுவிட்டுப் போனது. நாலு சக்கரமும் இழுக்கும். “உப்பளச் சேத்துல போறதுக்கு வேணும்” என்று சொல்லித்தான் வாங்கினார். இன்றுவரை சேற்றில் இறக்கவில்லை. கேட்டால், “சேறாயிடுமில்ல?” என்பார்.

அப்புறம்தான் போனில் அந்த வீடியோ வந்தது. எங்கேயோ ஆஸ்திரேலியாப் பாலைவனம். ஒருத்தன் ஜீப்பின் பின்கதவைத் திறக்கிறான். உள்ளே ஃப்ரிட்ஜ். ஃபேன். விளக்கு. எல்லாம் ஓடுகிறது, எஞ்சின் மட்டும் ஓடவில்லை. எப்படி? ரெண்டு பேட்டரி! ஒன்று வண்டியைக் கிளப்ப. இன்னொன்று நிறுத்தின இடத்தில் வாழ்ந்து பார்க்க. கலியபெருமாளுக்குப் புல்லரித்துவிட்டது. வீடியோ மொத்தம் இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்தில் அவனிடம் ஒருத்தர்கூட ‘கேஸ் புக் பண்ணீங்களா?’ என்று கேட்கவில்லை.

முடிவெடுத்த அன்றைக்கே பெண்டாட்டியிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தார். யுவராணி ஆரோவில்லில் வேலைக்குப் போக, பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கையில் டிபன் டப்பா.

“யுவராணி, நானும் சகாதேவனும் ஜவ்வாது மலைக்குப் போறோம். நாலு நாளு. கேம்பிங்.”

“அப்படின்னா?”

“மலை மேல கூடாரம் போட்டுத் தங்கறது.”

“ஆஸ்பெஸ்டாஸ எடுத்துட்டு ஓட்டு வீடு கட்டவே பதினாறு வருஷம் ஆச்சு. இப்ப கூடாரமா?”

“அது ஒரு அனுபவம்டி.”

“அப்ப நானும் வர்றேன்.”

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. ‘போய்த் தொலைங்க’ என்பாள், கொஞ்ச நேரம் முணுமுணுப்பாள், அதோடு முடியும் என்று நினைத்திருந்தார்.

“ஜீப்ல எடமில்லியே. பின் சீட்டக் கழட்டிட்டோம்.”

“எப்ப கழட்டினீங்க? நேத்து அதுலதானே வெங்காய மூட்டை இருந்துச்சு?”

“கழட்டப் போறோம்.”

யுவராணி டிபன் டப்பாவைக் கீழே வைத்தாள்.

“ஏங்க, திருவண்ணாமலையில பதினோரு தடவ மலையச் சுத்தி நடந்திருக்கேன். கால் கொப்பளிக்க நடந்திருக்கேன். ஒரு தடவகூட ஒரு மலை மேல ஏறி நின்னதில்ல. பொறந்ததுலேந்து தட்டையாவே பாத்துகிட்டிருக்கேன். இந்தப் பக்கம் உப்பு, அந்தப் பக்கம் கடலு. எனக்கும் மேலேந்து கீழ பாக்கணும்னு ஆசை இருக்காதா?”

நியாயமான கேள்வி. கலியபெருமாளுக்கே ஒரு நிமிஷம் மனசு கரைந்தது. ஆனால் பாலைவனத்து ஆள் கண் முன்னால் வந்தான். மனசைக் கல்லாக்கிக்கொண்டார்.

“பாம்பு வரும்.”

“இங்க வராததா?”

“அட்டை வரும். பாத்ரூம் கிடையாது.”

“கல்யாணமாகி நாலு வருஷம் இந்த வீட்டுல மட்டும் இருந்துச்சா?”

“அதவிடு. ரெண்டு பேட்டரி வெக்கப் போறோம். கரண்டு விஷயம். விவரம் தெரிஞ்சவங்க மட்டும்தான் கிட்ட வரணும். ஒண்ணு வண்டி கிளப்புறதுக்கு. ரெண்டாவது ஃப்ரிட்ஜு, ஃபேனுக்கெல்லாம். ரெண்டாவது காலியானாலும் மொதல் பேட்டரி வண்டியக் கிளப்பிடும். புரியுதா?”

“ரெண்டையும் எப்படி சேப்பீங்க?”

“ஒயர் போட்டு.”

“நடுவுல வேற எதுவும் வேணாமா?”

“வெள்ளைக்காரன் ஒரு டப்பா வெக்கிறான். அவனுக்கு எல்லாத்துக்கும் ஒரு டப்பா வேணும். நமக்கெதுக்கு? உனக்கு இன்னா தெரியும் இதப் பத்தி?”

“அப்படிங்களா” என்றாள் யுவராணி. டப்பாவை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

இந்த ‘அப்படிங்களா’வைப் பற்றி உங்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். இருபது வருஷக் குடித்தனத்தில் யுவராணி ஒரு பத்துப் பன்னிரண்டு தடவைதான் அப்படிச் சொல்லியிருப்பாள். ஒவ்வொரு தடவையும் அதற்கப்புறம் கலியபெருமாளுக்கு ஏதோ ஒன்று நடந்திருக்கிறது. மனுஷன் அதைக் கணக்கெடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. யுவராணி ஆரோவில்லில் எங்கே வேலை செய்கிறாள் என்று கேட்டால், கலியபெருமாள் பட்டென்று சொல்வார்: “ஊதுவத்தி யூனிட்ல.” அது மூன்று வருஷத்துக்கு முந்தின கதை. இப்போது அவள் வேலை செய்வது சோலார் யூனிட்டில். கூரை மேல் சூரியத் தகடு வைக்கிற வீடுகளுக்குப் பேட்டரி கட்டிக் கொடுக்கிற இடம். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது பேட்டரி அவள் கையால் சோதித்து அனுப்பப்படுகிறது. இதை மாறின அன்றைக்கே சொன்னாள். அப்போது அவர் போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். “உம்” என்றார். அதோடு சரி. சாமி படத்துக்கு ஊதுவத்தி தீர்ந்துபோனால் இன்றைக்கும் “உங்க யூனிட்லேந்து எடுத்தாந்துடு” என்பார். அவளும் பஸ் ஸ்டாண்டு கடையில் காசு கொடுத்து வாங்கி வந்து வைப்பாள்.

புதன்கிழமை இரண்டாவது பேட்டரி வந்து இறங்கியது. வாங்கி வந்தது சகாதேவன். ஈசிஆர் மேல் பம்ப்செட் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவன். உப்பளத்துக்குத் தண்ணி இறைக்கிற அத்தனை டீசல் எஞ்சினும் அவன் கை பட்டதுதான். பேட்டரி விஷயத்தில் மட்டும் அவனுக்கும் கலியபெருமாளுக்கும் ஒரே அளவு தெரியும்.

வியாழக்கிழமை சாயங்காலம் வாசலில் வைத்து சார்ஜ் ஏற்றினார்கள். ஒரு மூன்று மணி நேரம் ஆனதும் கலியபெருமாள் உள்ளே போனார். துணியில் சுற்றி வைத்திருந்த தன் டிகிரிக்குச்சியோடு வெளியே வந்தார்.

“ஏம்பா, அது உப்புத் தண்ணிக்கு இல்ல?” என்றான் சகாதேவன்.

“தண்ணின்னா தண்ணிதான். கனம்னா கனம்தான். நீ அந்த மூடிய கழட்டு.”

ஊசி போடுகிற பெரிய சிரிஞ்சு ஒன்றை வைத்து, பேட்டரிக்குள் இருந்த ஆசிட்டை உறிஞ்சினார். கண்ணாடிக் குழாயில் விட்டார். டிகிரிக்குச்சியை மிதக்கவிட்டார். நாலு சொட்டு லுங்கியில் விழுந்து நாலு ஓட்டை போட்டது. அதையெல்லாம் அவர் கண்டுகொள்ளவில்லை. குனிந்து பார்த்தவர், குதித்தே விட்டார்.

“இருபத்தஞ்சு! கரெக்டா இருபத்தஞ்சு! கழட்டுடா சார்ஜர!”

“லைட்டு இன்னும் செகப்பாதான் இருக்குது.”

“லைட்டுக்கு இன்னா தெரியும்? இருபத்தஞ்சுல உப்பு பழுத்துடும். அதுக்கு மேல ஏத்தினா கசப்புதான். இருபத்திரண்டு வருஷமா பாக்குறேன்.”

சகாதேவன் கழட்டினான். டிகிரி விஷயத்தில் கலியபெருமாளை எதிர்த்துப் பேச மரக்காணத்தில் ஆள் கிடையாது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஜீப்பில் ஏற்கெனவே இருந்த பேட்டரியையும் திறந்து பார்த்தார். நல்ல பேட்டரி, பாவம். காலையில் திண்டிவனம் போய் வந்ததில் முழுசாக சார்ஜ் ஏறி நின்றிருந்தது. டிகிரிக்குச்சி முப்பத்தொன்று காட்டியது.

“அடப்பாவி! முத்திப்போயி கெடக்குது! உப்பளமா இருந்தா மடையத் தொறந்து வெளிய விட்டுடுவோம்.”

“இப்ப இன்னா பண்றது?”

“பயப்படாத. எறக்கிடலாம்.”

ஒவ்வொரு அறையிலிருந்தும் கால்வாசி ஆசிட்டை உறிஞ்சி எடுத்தார். அதற்குப் பதிலாக டிஸ்டில் வாட்டரை ஊற்றினார். மறுபடி பார்த்தார். மறுபடி ஊற்றினார். கடைசியில் அதுவும் இருபத்தஞ்சில் வந்து நின்றது. ரெண்டு பேட்டரியும் இருபத்தஞ்சு! பிரசவம் பார்த்து முடித்த டாக்டர் மாதிரி கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். லுங்கி சல்லடையாகியிருந்தது.

அடுப்பங்கரை ஜன்னலில் யுவராணி நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். ஒரு தடவை வாயைத் திறந்தாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, மூடிக்கொண்டாள். இரண்டு டம்ளர் டீயோடு வெளியே வந்தாள்.

“இருபத்தஞ்சுதானுங்களா சரி?”

“யார்கிட்ட கேக்குற?”

“அப்படிங்களா. அதுக்கில்லீங்க, மலை மேல போயி வண்டி கிளம்பலேன்னா அங்க யாரு இருக்காங்க? இங்கியே ஒரு நாளு ஓட்டிப் பாத்துட்டுப் போங்களேன். கடலோரம் சவுக்குத் தோப்புல நிறுத்துங்க. காலையிலேந்து சாயங்காலம் வரைக்கும் எல்லாத்தையும் ஓடவிடுங்க. அஞ்சு மணிக்குக் கிளம்புதான்னு பாத்துடுங்க.”

“கிளம்பாம எங்க போவும்?”

“கிளம்பலேன்னா?”

“கிளம்பலேன்னா நீ இன்னா சொல்றியோ அது.”

“சகாதேவண்ணன் சீட்டு எனக்கு.”

கலியபெருமாள் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது. “ஏம்பா சகாதேவா, கேட்டுக்க. நீதான் சாட்சி. எடுத்துக்கம்மா! கிளம்பலேன்னா அவன் சீட்டு உனக்குத்தான்!”

“என் சீட்ட வெச்சு நீ ஏன்யா பந்தயம் கட்டுற?” என்றான் சகாதேவன். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

“அப்ப சனிக்கிழமை வெச்சிக்குங்க” என்றாள் யுவராணி. “எனக்கு லீவு. மதியம் சோறு கொண்டாந்து குடுப்பேன்.”

பாருங்கள், தன்னை விட்டுவிட்டுப் போகிறவனுக்குச் சோறு கொண்டு வந்து தருகிறேன் என்கிறாளே என்று கலியபெருமாளுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மலையிலிருந்து அவளுக்கு நல்ல தேன் ஒரு பாட்டில் வாங்கி வர வேண்டும் என்று முடிவு பண்ணினார்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, ரெண்டு பேட்டரியையும் ஒயரால் சேர்த்த ஜீப் சவுக்குத் தோப்பில் நின்றது. நாலு சக்கரமும் இழுத்துக்கொண்டு, பொதபொதவென்ற மணலில் கம்பீரமாக ஏறிப் போய் நின்றது. பின்கதவு திறந்தது. ஃப்ரிட்ஜில் பச்சை விளக்கு. ஃபேன் சுற்றியது. ஸ்பீக்கரில் பாட்டு. கலியபெருமாள் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து, காலைத் தூக்கி டயர் மேல் போட்டுக்கொண்டு, சில்லென்று ஒரு நன்னாரி சர்பத் குடித்தார். எதிரே கடல். அடடா! அந்த ஆஸ்திரேலியாக்காரனுக்குக் கடல் கிடையாது, வெறும் மணல்தான். அந்த விஷயத்தில் தான் ஒரு படி மேல் என்று தோன்றியது.

ஒன்பது மணிக்குக் குப்பத்தில் கரண்டு போனது. மாசா மாசம் லைன் வேலைக்கு நிறுத்துவார்கள் இல்லையா, அந்த நிறுத்தம். சாயங்காலம் அஞ்சு வரைக்கும் வராது. முன்கூட்டியே அறிவித்ததுதான். கலியபெருமாள் பார்க்கவில்லை.

ஒன்பதரைக்கு முதல் ஆள் வந்தாள். மீன் விற்கிற ஆண்டாள்.

“அண்ணே, இங்க கரண்டு இருக்குதாமே? போனு சார்ஜு போட்டுக்கட்டுமா?”

“போடும்மா! ஊரே இருட்டானாலும் நம்ம வண்டியில கரண்டு இருக்கும்.”

“உங்களுக்கு எவ்ளோ மூளைண்ணே!”

போதாதா? பதினோரு மணிக்குள் ஜீப்பின் பின்னால் பதினாலு போன், இரண்டு டார்ச் லைட்டு, ஒரு முடி வெட்டுகிற மெஷின். சகாதேவன் பெண்டாட்டி ஜெயா வந்தாள், ஃபேனுக்கு எதிரே உட்கார்ந்தாள், எழுந்திருக்கவே இல்லை. “ஜில்லுனு இருக்குதே, இதுல எங்க போறதா இருந்தாலும் போலாம் போல” என்றாள். கலியபெருமாள் வருகிறவர்களுக்கெல்லாம் முதல் பேட்டரி எது, ரெண்டாவது எது என்று தொட்டுத் தொட்டுக் காட்டினார். குரல் கட்டிவிட்டது.

பன்னிரண்டு மணிக்கு யுவராணி சோறு கொண்டு வந்தாள். கொதிக்கக் கொதிக்க ஒரு சட்டி கோழிக் குழம்பு. சாப்பிட்டது போக மீதியை அப்படியே, ஆவி பறக்க, ஃப்ரிட்ஜில் வைத்தாள்.

“சூடா வெக்கலாமாம்மா?” என்றான் சகாதேவன்.

“கெட்டுப்போயிடும் அண்ணே” என்றாள். ஃப்ரிட்ஜு ‘ங்ங்ங்’ என்று முனக ஆரம்பித்தது.

இரண்டு மணிக்கு ஆண்டாள் திரும்ப வந்தாள். இந்தத் தடவை இடுப்பில் மிக்சி.

“அண்ணே, வறுவல் மசாலா அரைக்கணும். உங்க கரண்டு மிக்சிய ஓட்டுமா? ஓட்டாதுன்னு எங்க வீட்டுக்காரரு சொல்றாரு.”

“யாரு சொன்னது ஓட்டாதுன்னு? வெய்யி இங்க!”

பேட்டரிக் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற டப்பா ஒன்று இருந்தது. அதில் மிக்சியைச் சொருகினார். ஓடியது! கூட்டம் கைதட்டியது. ஆண்டாளுக்குப் பின்னால் இன்னும் மூன்று மிக்சிகள் வரிசையில் நின்றன. ஒருத்திக்கு இட்லிப் பொடி, ஒருத்திக்குத் தேங்காய்ச் சட்னி, ஒருத்தி சும்மா ஓடுதா என்று பார்க்க வந்தவள். கலியபெருமாள் ஒருத்தியைக்கூடத் திருப்பி அனுப்பவில்லை. தன் வாழ்நாளில் இத்தனை பொம்பளைகள் தான் சொன்னதை இவ்வளவு நேரம் கேட்டு அவர் பார்த்ததில்லை.

நாலு மணிக்கு, அதுவரை ஓடிக்கொண்டிருந்த ஃபேன் நடக்க ஆரம்பித்தது. நாலரைக்கு நின்றது. ஸ்பீக்கரில் பாடிக்கொண்டிருந்த பெண் மெல்ல மெல்ல ஆம்பளைக் குரலாகி, அப்புறம் ஒரேயடியாக அடங்கிப்போனாள். ஃப்ரிட்ஜின் பச்சை விளக்கு ரெண்டு தடவை கண்ணடித்துவிட்டு அணைந்தது.

“அதனால இன்னா?” என்றார் கலியபெருமாள், கூட்டத்தைப் பார்த்து. “அது ரெண்டாவது பேட்டரி. மொதல் பேட்டரி முழுசா இருக்குது. இப்ப பாருங்க!”

ஏறி உட்கார்ந்தார். சாமியைக் கும்பிட்டார். சாவியைத் திருகினார்.

‘டிக்.’

இன்னொரு தடவை.

‘டிக்.’

மூன்றாவது தடவை அதுவும் இல்லை.

“தள்ளிப் பாக்கலாமா?” என்று பத்து பேர் இறங்கினார்கள். பொதபொத மணல். தள்ளத் தள்ளச் சக்கரம் உள்ளேதான் போனது. பதினாலு போனும் முழு சார்ஜில் இருந்ததா, பதினாலும் வீடியோ எடுத்தன. கலியபெருமாளுக்கு அந்த மணலுக்குள்ளேயே புதைந்துவிடலாம் போல இருந்தது. மலை போச்சு, அது ஒரு பக்கம். டிகிரி என்கிற பேரும் போச்சே!

அஞ்சரைக்குத் தோப்போரம் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. யுவராணி இறங்கினாள். ஆட்டோக்காரரும் சகாதேவனுமாக ஒரு பேட்டரியைத் தூக்கி வந்து ஜீப் பக்கத்தில் வைத்தார்கள். யுவராணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பையிலிருந்து ரெண்டு தடி ஒயரை எடுத்தாள். சிவப்பைப் பேட்டரிக்குப் பேட்டரி கவ்வ வைத்தாள், கறுப்பை எஞ்சின் ஓரம் ஒரு இரும்பில் கவ்வ வைத்தாள்.

“இப்ப திருகுங்க.”

திருகினார். ஜீப் உறுமிக்கொண்டு எழுந்தது.

கலியபெருமாள் கீழே இறங்கி, பெண்டாட்டியைப் புதுசாகப் பார்ப்பது மாதிரி பார்த்தார்.

“இத எங்க கத்துகிட்ட?”

“எங்க யூனிட்லதான்.”

“ஊதுவத்தி யூனிட்ல எதுக்கு பேட்டரி?”

“ஊதுவத்திய விட்டு சோலாருக்கு மாறி மூணு வருஷமாச்சுங்க. சொன்னேனே! நீங்கதான் ‘உம்’னீங்க.”

கலியபெருமாள் யோசித்துப் பார்த்தார். ‘உம்’ சொன்னது ஞாபகம் வந்தது. எதற்கு என்பது மட்டும் வரவில்லை.

“இருபத்தஞ்சுங்கறது உப்புக்குங்க” என்றாள் யுவராணி, குரலைத் தணித்து. நாலு பேர் முன்னால் அவரை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. “பேட்டரிக்கு முப்பத்திரண்டு. இருபத்தஞ்சுன்னா பாதிதான் ஏறியிருக்குன்னு அர்த்தம். அரைச் சார்ஜுல இத கழட்டிட்டீங்க. முழுசா இருந்த அத தண்ணி ஊத்தி எறக்கிட்டீங்க. அந்த டப்பா வேணாம்னீங்களே, அதாங்க மடை. ரெண்டாவது பாத்தி காயும்போது மொதல் பாத்திலேந்து தண்ணி ஓடிடாம அதுதான் மூடிக்கும். நீங்க மடையே இல்லாம ரெண்டு பாத்திய சேத்துட்டீங்க. ரெண்டும் காஞ்சிடுச்சு.”

இருபத்திரண்டு வருஷமாக மடை திறந்து மடை மூடுகிற மனுஷன். அவருக்கு இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்லியிருக்க முடியாது. மண்டையில் அடித்துக்கொண்டார்.

“எல்லாம் அந்த மிக்சியாலதான்” என்றார், கடைசி முயற்சியாக.

“யுவராணி அக்காதாண்ணே மிக்சிய எடுத்தாரச் சொன்னாங்க” என்றாள் ஆண்டாள், கூட்டத்திலிருந்து. “போன் சார்ஜு போடலாம்னு சொன்னதும் அவங்கதான்.”

கலியபெருமாள் மெதுவாகத் திரும்பினார்.

“எல்லாம் தெரிஞ்சிருந்தும், அன்னைக்கே வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமில்ல?”

“சொல்லியிருந்தா சரி பண்ணிகிட்டு சகாதேவண்ணனோட போயிருப்பீங்க.”

கலியபெருமாள் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி ஜீப்பில் போட்டார். சகாதேவன்தான், “என் சீட்டு போனதுல எனக்கொண்ணும் வருத்தமில்லப்பா, ஜெயா எப்படியும் விட்டிருக்க மாட்டா” என்று ஆறுதல் சொன்னான்.

அடுத்த நாலு நாளில் யுவராணி ரெண்டு பேட்டரியையும் யூனிட்டுக்கு எடுத்துப் போய் ஆசிட்டைச் சரி பண்ணி, முப்பத்திரண்டு வரைக்கும் ஏற்றிக் கொண்டு வந்தாள். நடுவில் அந்த டப்பாவையும் வைத்தாள். கலியபெருமாள் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார். கேட்ட நம்பர் ஸ்பேனரைக் கொடுத்தார், மறுபேச்சு இல்லை. முதல் நாள் முகம் தொங்கிப்போய்த்தான் இருந்தது. ரெண்டாம் நாள் டீக்கடையில், “எம்பொண்டாட்டி சோலார் கம்பெனியில பெரிய டெஸ்டரு. தெரியாதா உங்களுக்கு? மூணு வருஷமா!” என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மனுஷனுக்கு உள்ளுக்குள் பெருமைதான். அதை வீட்டில் சொல்லத்தான் கூச்சம்.

வியாழக்கிழமை விடிந்ததும் கிளம்பினார்கள். திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, போளூர். மலையடிவாரம் வந்ததும் கலியபெருமாள் ஸ்டியரிங்கை ரெண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வளைவு மேல் வளைவு. அவர் ஓட்டிப் பழகியது ஈசிஆர். அது கயிறு பிடித்துப் போட்ட ரோடு. மூன்றாவது வளைவில் ஜீப்பை ஓரம் கட்டினார்.

“தள்ளிக்குங்க” என்றாள் யுவராணி.

“நீயா?”

“யூனிட் வண்டி நான்தானே ஓட்டுறேன். லைசென்ஸ் வாங்கி ஒண்ணரை வருஷமாச்சு. சொன்னேனே!”

அதற்கும் ‘உம்’ சொல்லியிருப்பார் போல. தள்ளி உட்கார்ந்தார்.

அவள் ஓட்டினாள். ஒரு வளைவில்கூடத் தடுமாறவில்லை. உச்சியில் ஒரு திறந்த மேட்டில் நிறுத்தி, இறங்கி, விளிம்பு வரைக்கும் போய் நின்றாள். கீழே வயல், ஏரி, சீட்டுக்கட்டு கவிழ்த்த மாதிரி வீடுகள். காத்து அவள் தலைமுடியைக் கலைத்தது.

“எவ்ளோ கீழ இருக்குதுங்க ஊரெல்லாம்” என்றாள். கண் கலங்கியிருந்தது. “நான் இவ்ளோ ஒசரத்துல நின்னதே இல்லீங்க.”

கலியபெருமாள் பக்கத்தில் போய் நின்றார். இவளை விட்டுவிட்டு வந்திருந்தால் நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்று மனசார நினைத்தார். சொல்லவும் சொன்னார். “தெரியுங்க” என்றாள் அவள்.

நாலு நாளும் சொர்க்கம்தான், பொய் சொல்லவில்லை. மார்கழிக் குளிரில் வெளியே இருந்ததைவிட ஃப்ரிட்ஜுக்குள்தான் கதகதப்பாக இருந்தது. அதனால் ஃப்ரிட்ஜையும் அணைத்துவிட்டார்கள், ஃபேனையும் அணைத்துவிட்டார்கள். அத்தனை பாடுபட்டு வைத்த ரெண்டாவது பேட்டரி ஒரே ஒரு விளக்கை எரித்துக்கொண்டு சும்மா கிடந்தது. ரெண்டு பேரும் ஒரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பனி கலைகிற வரைக்கும் வரக்காப்பி குடித்தார்கள். அவள் யூனிட் கதைகளைச் சொன்னாள். இந்தத் தடவை கலியபெருமாள் ‘உம்’ சொல்லவில்லை. கேள்வி கேட்டார், பதிலையும் காது கொடுத்துக் கேட்டார். கேஸ் புக் பண்ணுவதைப் பற்றி அவளும் வாயைத் திறக்கவில்லை.

கடைசி நாள் காலை கூடாரத்தைச் சுருட்டும்போது கலியபெருமாளுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. இப்படி ஒரு புருஷன் எவளுக்குக் கிடைப்பான் என்ற நினைப்பில் பெரிய மனசு பண்ணிச் சொன்னார்.

“யுவராணி, அடுத்த மார்கழிக்குக் கொல்லிமலை போலாம். நானே கூட்டிகிட்டுப் போறேன்.”

“மார்கழி வரைக்கும் எதுக்குங்க? வர்ற மாசமே போறதா இருக்குது.”

“வர்ற மாசமா? தை பொறந்தா எனக்கு உப்பளத்துல வேலை இருக்குமே!”

“உங்களுக்கு இருக்கும்னுதாங்க நானும் ஜெயாவும் அந்த மாசமா பாத்து வெச்சோம்” என்றாள் யுவராணி, கூடாரக் கயிற்றை இறுக்கிக் கட்டியபடி.